கொடுத்தவளின் முறை

நைஜீரியாவின் பெனின் நகரத்தில் அம்மா வீட்டு முற்றம் முழுக்க அன்று ஒரே நிறத் துணி உடுத்திய சொந்தங்கள். அக்கா அதேசுவா பிழைத்ததற்கு நன்றி சொல்லும் விருந்து. பிறந்ததிலிருந்து அவளை வதைத்த அரிவாள் செல் சோகை, தங்கை இவியேயின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை ஏற்றிய பிறகுதான் விட்டுத் தொலைந்தது.

இவியேவுக்கோ வயிறு எரிந்தது. அம்மாவின் மடி, அப்பாவின் தோள், சட்டியிலிருந்த மீன் தலை, எல்லாமே அக்காவுக்குப் போகக் கண்டு வளர்ந்தவள். இப்போது அம்மாவின் பவள மாலையும் அக்கா கழுத்தில்தான். கொடுத்தவள் ஒருத்தி, கொண்டாட்டம் இன்னொருத்திக்கா? ஆனால் இன்று பாஸ்டர் கொடுத்தவளையும் பெயர் சொல்லி முன்னால் அழைக்கப்போகிறார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவள் காத்துக் கிடந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து இவியேயின் மகள் முதுகில் சின்னம்மைக் கொப்புளம். சொன்னால் வாசலோடு திருப்பிவிடுவார்கள், விட்டுவரவும் ஆளில்லை. கொளுத்தும் வெயிலில் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை மாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். 'எனக்குச் சின்ன வயசுலயே வந்துபோன அம்மை. அக்கா உடம்புல இப்ப ஓடறது என் ரத்தம். அவள என்ன செஞ்சுடும்?'

வாசலில் முகக்கவசத்தோடு அதேசுவா நின்றாள். "வாடி என் ரத்தமே! குட்டிய இங்க குடு."

"இரு அக்கா. எனக்கு வந்துபோன நோயெல்லாம் என் ரத்தத்துக்கு ஞாபகமிருக்கும்ல?"

"அதையேன் கேக்கற! எல்லாத்தையும் மறந்துடுச்சாம். பச்சப்புள்ள மாதிரி முதல்லேருந்து ஊசி. வரிசையில பக்கத்துல ஒருத்தி, 'உங்க குழந்தை எங்கம்மா?'ங்கறா. 'நான்தாம்மா அது'ன்னேன். அம்மை ஊசி மட்டும் இப்போதைக்குக் கூடாதாம். அம்மை வந்தா என்னையே கொண்டுபோயிடுமாம்." சொல்லிக்கொண்டே கைகளை நீட்டினாள்.

பந்தலில் பாஸ்டர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். இவியே அந்தக் கைகளைப் பார்த்தாள். கழுத்துப் பவளத்தைப் பார்த்தாள்.

"கிட்ட வராதக்கா!" என்று பின்னால் தாவினாள். "இவளுக்கு அம்மை போட்டிருக்கு."

அம்மா ஓடிவந்தாள். "அடி பாவி, தெரிஞ்சேவா தூக்கிட்டு வந்தே?"

"தெரிஞ்சேதான். நானும் ஒரு நாள் முன்னால நிக்கணும்னு!"

அதேசுவா நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "நான் தொடல. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேட்டுடறேன். நீ புள்ளைய வெயில்ல நிறுத்தாத, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இவியே தெருமுனையைத் தாண்டும் முன்பே ஒலிபெருக்கி அவளைப் பெயர் சொல்லி அழைத்தது. பிறகு அக்காவின் குரல்: "அந்த ஆசீர்வாதத்த அவளுக்காக நான் வாங்கிக்கிறேன், பாஸ்டர்." கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

"பாத்தியாடி, அதையும் அவளே வாங்கிக்கறா" என்று மகளிடம் பொருமினாள் இவியே. பந்தலுக்குத் திரும்பிப் போக மட்டும் அவள் கால்கள் நினைக்கவில்லை.