பூ வைக்காமல் இறங்கிய மந்தை

ஜூன் தொடக்கத்தில் இருபத்து மூன்று மாடுகளை மலைமேல் இருக்கும் மேய்ச்சல் நிலமான மேல்வெளிக்கு ஓட்டிப் போனேன். பாறை நிழல்களில் இன்னும் பனி கிடந்தது. ஒரு கோடைக்கு மட்டும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். சேதமில்லாமல் இறக்கினால் அடுத்த வருடம் யோசிப்பார்களாம்.

"இங்க பாரு புர்கா, உனக்கு முன்னாடி மூணு ஆம்பளைங்க போய்த் தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்தாங்க," என்றார் ஸெவெரின். மந்தையில் ஒன்பது அவருடையவை.

"அவங்க மாட்டையா பாத்தாங்க? பீர் பீப்பாயைப் பாத்தாங்க."

ஜூலையில் மேல்வெளி முழுவதும் நடந்தேன். வெயில் முதலில் எங்கே விழுகிறது, எந்தச் சரிவின் புல் பாலைக் கசக்க வைக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கிழக்கே கற்கள் உருளும் செங்குத்தான இடம். அங்கே கம்பு நட்டு வேலி போட்டேன்.

ஆகஸ்டில் பால் கெட்டியானது. பாலாடைக்கட்டிகளைத் தினமும் புரட்டி உப்பு தேய்த்தேன். மழை நாட்களில் காகிதப் பூ செய்தேன். ஒரு மாடும் சாகாத மந்தைதான் தலையில் பூமுடியும் கழுத்தில் ஒலிக்கும் மணியுமாக ஊருக்குள் இறங்கும்.

செப்டம்பரில் இறங்க நான்கு நாள் இருந்தபோது கிழக்கு வேலியைப் பிடுங்கினேன். கம்புகள் நனையாமல் கொட்டகைக்குள் போகட்டும் என்று நினைத்தேன். அன்று இரவே பனி பெய்தது. காலையில் ஸெவெரினின் சாம்பல் நிறக் கிடாரி சரிவுக்குக் கீழே செத்துக் கிடந்தது.

இறங்கும் நாளில் என் தம்பி வெண்டெலின் உதவிக்கு வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"வழியில தப்பிச்சு ஓடிருச்சுன்னு சொல்லுவோம்க்கா. ஸெவெரின் பொண்டாட்டி பேரையே யோசிச்சுத்தான் சொல்வாரு, இதையா துருவிக் கேக்கப் போறாரு?"

"பூவையெல்லாம் மூட்டையில கட்டு."

"அடுத்த வருஷம் இந்த இடம் போயிடும்."

"தெரியும். மணிக்குள்ள வைக்கோலைத் திணி."

சத்தமில்லாமல் இறங்கினோம். சாலையோரம் காத்திருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஸெவெரின் தன்னுடையவற்றை எண்ணினார். எட்டு.

"கிழக்குச் சரிவுல விழுந்துடுச்சு," என்றேன். "வேலியை நான் சீக்கிரம் பிடுங்கிட்டேன்."

அவர் எட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்.

ஜனவரியில் பண்ணைக்காரர்கள் கூடினார்கள். ஜன்னல் வரை பனி. மறுநாள் ஸெவெரின், பனியில் புதையாமலிருக்கக் காலில் பனிச்சட்டம் கட்டி, என் வீட்டுக்கு நடந்து வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"மேல்வெளி உனக்குத்தான். அஞ்சு பேர் வேணும்னாங்க, நாலு பேர் வேணாம்னாங்க."

"நீங்க?"

"வேணாம்னேன். செத்தது என் மாடு."

"அப்புறம் இவ்வளவு பனியில நீங்க ஏன் வரணும்?"

"ஜூன்ல உன்கிட்டதானே விடணும். வேற மலை எங்க இருக்கு?" காலணியைத் தட்டினார். "எட்டுல ரெண்டு சினை."

"எந்த ரெண்டு?"

கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.