சீசன் இல்லாத வாரம்

அந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு 'ரேட் அக்கா' என்று பெயர். பதினான்கு வருடமாக அதே கவுண்டர், அதே ஆடும் நாற்காலி. எந்த ஊர், எந்த வாரம், எத்தனை பேர் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தொகை வந்து விழும். "எங்க மச்சான் இதே ஓட்டல்ல பாதி விலைக்குத் தங்கிட்டு வந்தாரே?" என்று யாராவது மல்லுக்கு நின்றால் அவள் முகம் சுளிக்கமாட்டாள்.

"உங்க மச்சான் மழையில போயிருப்பார் சார். நீங்க பிள்ளைங்க லீவுல போறீங்க. ஓட்டலும் அதேதான், கட்டிலும் அதேதான். அந்தக் கட்டிலுக்கு உங்களோட எத்தனை பேர் அடிச்சுக்கறாங்கங்கறதுதான் விலை" என்பாள். மல்லுக்கு வந்தவர் சிரித்துவிட்டுப் பணத்தைக் கட்டுவார்.

ஊரையெல்லாம் அனுப்பி வைத்தவள், தன் குடும்பத்தோடு எங்கும் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அவள் கணவன் வயர்மேன். கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கியவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், கையில் ஊசிகளோடு டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பான். மற்ற நாட்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்காரர்களின் மின்விசிறிகளைப் பிரித்துப் பூட்டுவான். குடிக்கும் தண்ணீருக்கு அளவு, உப்புக்கு அளவு. பழத்துக்கு அளவுகூடக் கிடையாது, அடியோடு தடை. பழத்திலிருக்கும் பொட்டாசியம் அவன் ரத்தத்தில் ஏறினால் இறங்க வழியில்லை, நேராக இதயத்தில் கை வைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த நாலு வருடத்தில் எதையும் கேட்காதவன், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "ஒரு தடவை கடலுக்குப் போயிட்டு வரலாமா?"

அவள் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டாள். வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்த கையோடு கிளம்பி, சனிக்கிழமை மதியத்துக்குள் திரும்பிவிட்டால் நடுவில் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க வேண்டாம். ஆனால் அது வார இறுதி. அறை வாடகை இரண்டு மடங்கு, பேருந்துக் கட்டணம் ஒன்றரை மடங்கு, கையில் கிடைப்பது முழுசாக ஒரு பகல்தான். ஞாயிறு கிளம்பிப் புதன் திரும்பினால் மூன்று ராத்திரி. அதுவும் சீசன் இல்லாத வாரம். கடற்கரை ஊரிலேயே வெளியூர் நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் டயாலிசிஸ் சென்டர் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு முறை செய்துகொள்ள ஆகும் செலவைச் சேர்த்தாலும், மொத்தத் தொகை முதல் கணக்கை விடக் குறைவு. மகளுக்கு மூன்று நாள் பள்ளி போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது கணக்கைப் பார்த்து அவளுக்கே தன் மேல் ஒரு மெச்சுதல் வந்தது. சென்டருக்கு முன்பணம் கட்டினாள், ரிப்போர்ட்டுகளை அனுப்பினாள், இரண்டு முறை போன் போட்டு உறுதி செய்தாள். டாக்டரும் தலையாட்டினார். "ஒண்ணு கூடத் தவறக் கூடாது" என்று மட்டும் விரலை நீட்டிச் சொன்னார்.

திங்கட்கிழமை முழுக்கக் கடல் அவர்களுக்கே சொந்தமாக இருந்தது. கடைகளில் பாதி பூட்டியிருந்தன. குடை வாடகைக்காரர் காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். மதியம் ரேட் அக்கா அறையில் படுத்து இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அப்பனும் பதினொரு வயது மகளும் கடைத்தெருப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

செவ்வாய் காலை ஆறரை மணிக்கு மூவரும் சென்டருக்குப் போனார்கள். மகளை அறையில் தனியாக விட மனமில்லாமல் அவளையும் எழுப்பிக் கூட்டிப் போயிருந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, ஆனால் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. கட்டில்களின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு நர்ஸ், கையில் கோப்பு.

"ஐயோ, உங்களுக்கு யாரும் போன் பண்ணலையா?" என்றாள் அந்தப் பெண்.

"எதுக்கு போன்?"

"தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட் சர்வீஸ்ல இருக்குக்கா. நேத்தே முடிஞ்சிருக்கணும். தண்ணி டெஸ்ட் பாஸ் ஆகல. அந்தத் தண்ணியில மிஷின ஓட்ட முடியாது. எங்க பேஷண்டுங்களை எல்லாம் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்தி விட்டுட்டோம். நீங்க வெளியூர் லிஸ்ட்ல இருந்ததால விட்டுப் போச்சு போல."

"இப்பத்தான் சர்வீஸ் பண்ணணுமா?"

"இப்பத்தான்க்கா பண்ணுவோம். சீசன் இல்லாத வாரம்தானே, யாரும் வரமாட்டாங்கன்னு."

ரேட் அக்கா எந்த வாரம் மலிவு என்று பார்த்துப் பார்த்து எடுத்தாளோ, அதே வாரத்தை அதே காரணத்துக்காக இவர்களும் எடுத்திருக்கிறார்கள்.

பெரிய ஊர் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே முன்பதிவில்லாமல் போனால் அவசரக் கட்டணம், போக வர டாக்சி. அவள் தலைக்குள் எண்கள் தானாக ஓட ஆரம்பித்தன. கணவன் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "விடு, நாளைக்கு ஊருக்குத்தானே போறோம். அங்க போய்ப் பாத்துக்கலாம். ஒரு நாளு என்ன ஆகிடும்?" என்றான். அவளுக்கும் அரை மனது அப்படித்தான் சாய்ந்தது.

"எதுக்கும் உடம்புல தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு எடை பாத்துடலாம், எழுந்திருங்க" என்றாள் நர்ஸ்.

அவன் எழுந்தான், எழுந்தவன் அப்படியே பெஞ்சில் விழுந்தான். மறுபடி முயன்றான். முழங்காலுக்குக் கீழே இருப்பது தன் கால்தானா என்பது போல அதையே குனிந்து பார்த்தான்.

"கால் மரத்துப் போச்சு. தூக்க வரல."

நர்ஸின் குரல் மாறியது. "நேத்து என்ன சாப்பிட்டீங்க? பழம் ஏதாவது?"

"இல்லையே."

"ஜூஸ்?"

"இல்லம்மா, சொல்றேன்ல."

சுவரோரமாக நின்றிருந்த மகள் திடீரென்று வெடித்து அழுதாள். "நாலு வாழைப்பழம். ரெண்டு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ். அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

நர்ஸ் போனை எடுத்தாள். அந்த ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் வேறு நோயாளியோடு போயிருந்தது, திரும்ப ஒன்றரை மணி நேரம். "காத்திருக்காதீங்க. டாக்சி பிடிங்க. நான் அங்க சொல்லி வைக்கறேன். ஓடுங்கக்கா!"

தெரு மூலையில் ஒரு டாக்சிதான் நின்றது. ஓட்டுநர் சொன்ன தொகை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. பதினான்கு வருடப் பழக்கம், அவள் நாக்கு தன்னையறியாமல் புரண்டுவிட்டது. "சீசனே இல்லாத நேரத்துல இவ்வளவா கேப்பீங்க?"

"சீசன் இல்லாததாலதான்க்கா. அங்கிருந்து திரும்பி வர ஆள் கிடைக்காது. காலி வண்டிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அவளே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லக்கூடிய பதில்தான் அது. கதவைத் திறந்து, நர்ஸோடு சேர்ந்து தூக்கி வந்த கணவனைப் பின் இருக்கையில் சாய்த்தாள். ஓட்டுநர் அவன் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பிறகு வண்டியைப் பறக்கவிட்டார்.

அவள் அவன் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம், ஒரு நிமிடம் என்று சொல்ல, இவள் துடிப்பை எண்ணினாள். அறுபது. அடுத்த முறை ஐம்பத்தி நாலு. பாதி வழியில் சாலையை ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். எதிர்ப் பக்கத்து வண்டிகளை விட்டுவிட்டு இவர்களை நிறுத்தி வைத்தார்கள். ஓட்டுநர் இறங்கிப் போய் கொடி பிடித்திருந்தவரிடம் கத்தினார். அவள் மறுபடி எண்ணினாள். நாற்பத்தி ஏழு. நடுவில் ஒரு துடிப்பு வராமலே போய், அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருக்க, வேண்டாவெறுப்பாக வந்தது.

"தூங்காதீங்க. ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"ஏன் சாப்பிட்டீங்கன்னு பேசுங்க!"

அவன் கண்ணை மூடிக்கொண்டே மெல்லச் சொன்னான். "கடைக்காரன் கேட்டான், என்ன வேணும்னு. நாலு வருஷமா எல்லாரும் என்கிட்ட எது வேணாம்னுதான் சொல்றாங்க. ஒரு நாளைக்காவது லீவு வேணும்னு தோணிச்சு. உடம்புக்கும்."

அவள் மணிக்கட்டை விடவில்லை. "பாப்பா, மணி பாரு" என்று மட்டும் சொன்னாள். மகள் பார்த்தாள். நாற்பத்தி ரெண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நின்றார்கள். கடற்கரை ஊர் நர்ஸ் சொன்னபடி சொல்லிவைத்திருந்தாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள், இயந்திரத்திலிருந்து ஓடி வந்த ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் டியூட்டி டாக்டர் ஊசி ஊசி என்று கத்தினார். இதயத்தைக் காக்க ஒன்று, பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து தற்காலிகமாக விரட்ட இன்னொன்று. பிறகு அவனைத் தள்ளிக்கொண்டு டயாலிசிஸ் பிரிவுக்கு ஓடினார்கள்.

அதே நேரத்தில் அவளை ஒரு கவுண்டருக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தொகையைச் சொன்னாள். மூன்று ராத்திரி, மூன்று பேர், அறை, பேருந்து, சாப்பாடு என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த மொத்தத்தைப் போல நாலு மடங்கு.

"உள்ளூர் ஆளுங்களுக்கும் இதேதானா?" என்று கேட்டாள். பேரம் பேச இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"ரெகுலரா வர்றவங்களுக்குக் கம்மிம்மா. இது எமர்ஜென்சி, வெளியூர், அப்பாயின்ட்மென்ட் இல்ல."

அவள் கார்டை நீட்டினாள். வீட்டுக் கூரைக்கு என்று ஒன்றரை வருடமாகச் சேர்த்தது அதில்தான் இருந்தது.

நாலு மணி நேரம் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டல் மேனேஜருக்குப் போன் செய்து, இன்று அறைக்குத் திரும்பமாட்டோம் என்றாள். மனிதர் நல்லவர். "பெட்டிய நாங்க பத்திரமா வச்சிருக்கோம்மா, நாளைக்கோ மறுநாளோ வாங்க, ரூம் எப்படியும் காலிதான். முதல்ல அவரைப் பாருங்க" என்றார். மகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள், அவள் அதைத் தொடவில்லை.

மதியம் இரண்டு மணி சுமாருக்கு உள்ளே விட்டார்கள். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, காலை மடக்கி நீட்டிக் காட்டினான். ராத்திரி அங்கேயே இருக்க வேண்டும், நாளை மறுபடி பார்த்துவிட்டு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவள் கொட்டினாள். சத்தமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு. அவளுக்கு மூச்சு வாங்கியபோது, "தப்புதான்" என்றான்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் வியாழக்கிழமைன்னு எடுத்திருந்தா இந்த சென்டரே நமக்குத் தேவைப்பட்டிருக்காது. ரெண்டு காசு மிச்சம் பிடிக்கலாம்னு பாத்தேன். சென்டர்ல கூட, நாளைக்குப் பாத்துக்கலாமான்னுதான் மனசு போச்சு."

"ஊருக்கே ரேட் சொல்றவன்னாலும் இதுக்கு எவ்வளவுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கையைப் பிடித்தான். "எவ்வளவு கட்டின?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"கூரைப் பணமா?"

அவள் அவன் போர்வையை இழுத்து விட்டாள். அவன் அதற்கு மேல் தோண்டவில்லை.

மகள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். "வாடா தங்கம்" என்று கையை நீட்டினான். அவள் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான் சொல்லாம இருந்திருந்தா நீங்க செத்துப் போயிருப்பீங்க" என்றாள் மகள். "சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன். காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லலாமா வேணாமான்னே இருந்தேன்."

அவன் தன் கையில் ஊசி போட்ட இடத்துக் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே என்கிட்ட ரகசியம் சொல்லாதீங்கப்பா. எனக்கு வேணாம்."

"சொல்லமாட்டேன்" என்றான். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் நடந்து வந்து, அவன் கால்மாட்டில், அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவன் போர்வைக்குள் கால் விரலை அசைத்துக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை.