மை சிந்தாமல் ரோமாபுரிக்கு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"பிளேன்ல இருந்த அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு பேனாவை மெழுகுவத்தி மாதிரி தூக்கிப் பிடிச்சிட்டு இருந்தாங்க, பாத்துக்கிடுங்க."

"எதுக்கு?" என்றார் பக்கத்திலிருந்தவர். நானும் கழுத்தை நீட்டினேன். அதற்குள் வைப்பாறு வந்துவிட்டது. சொன்னவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நானும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். தூத்துக்குடி வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன்; மனசு வரவில்லை.

ஆகவே அந்த "எதுக்கு?" என்ற கேள்விக்கு நானே பதில் எழுத வேண்டியதாயிற்று. நான் விமானத்தில் ஏறியதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தவறு கண்டால் ஏறியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"முத்துக்குளித்தவர்களின் வழிவந்த ஹென்றி, கடலின் ஆழத்தை அளந்த தன் முன்னோரைப் போலவே வானத்தின் உயரத்தையும் —"

நிறுத்திவிட்டேன். ஹென்றிக்கு நீச்சல் தெரியாது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். அதையும் தண்ணீரிலிருந்து நாலடி தள்ளி நின்றுதான் எழுதுவார்.

இரண்டாவது தொடக்கம்:

"மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது ஹென்றியின் கையில் இருந்த பையில் —"

இதுவும் சரிவரவில்லை. பையில் அத்தனை பேனா எப்படி வந்தது என்று சொல்லாமல் ஆளை ஏற்றினால், வாசகர் வைப்பாற்றிலேயே இறங்கிவிடுவார்.

பிறகு ஹென்றியின் மனைவி கிளாடிஸ் பேச ஆரம்பித்தாள். அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

3

எழுபத்தைந்தாம் வருஷம் ரோமாபுரியில் ஜூபிலி ஆண்டு. கோவில் திருவிழாக் குலுக்கலில் ஹென்றிக்கு முதல் பரிசு விழுந்தது: ரோமாபுரித் திருப்பயணம், போகவும் வரவும் விமானம். சீட்டு வாங்கியது கிளாடிஸ். புருஷன் பெயருக்கு வாங்கியதும் அவள்தான்.

"நான் அதுல ஏறமாட்டேன். ஆண்டவர் கூப்பிடும்போது மேல போனாப் போதும். நீங்க போயிட்டு வாங்க."

"அப்போ நான் மட்டும் ஏறலாமா?"

"உங்களைக் கூப்பிட்டா நீங்க ரெண்டு தடவை யோசிப்பிய. அதுக்குள்ள பிளேன் திரும்பி வந்துரும்."

பரீட்சைக்கு முன்னால் பேனாவைக் கோவில் பீடத்தில் வைத்து எடுப்பது அந்தத் தெருப் பிள்ளைகளின் வழக்கம். ஹென்றி ரோமாபுரிக்கே போகிறார் என்று தெரிந்ததும் பேனாக்கள் வர ஆரம்பித்தன. ஜூபிலி ஆண்டில் அங்குள்ள பெரிய கோவில் வாசலில் நின்று ஆசீர் வாங்கிய பேனா என்றால் சும்மாவா?

முதலில் வந்தவள் செல்லத்தாய். உப்பளத்தில் வேலை பார்க்கும் மாடக்கண்ணுவின் மகள். பள்ளி இறுதித் தேர்வை இரண்டு முறை எழுதியிருந்தாள். இரண்டு முறையும் கணக்கு காலை வாரிவிட்டது. இந்த மார்ச்சில் மூன்றாவது முறை. "இதுதான் கடைசி. இல்லேன்னா எங்கூட உப்புச் செமக்க வந்துரு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவளுடைய பச்சைப் பேனாவின் மூடியில் பல் தடம். கிளிப் இல்லை. கழுத்தில் ஒரு கீறல். மெழுகு உருக்கி அடைத்திருந்தாள்.

"மாமா, இதையும் கொண்டு போங்க."

"ஏளா, நீ எங்க சாமியையும் கும்பிடுவியா?"

"கணக்குப் பரீட்சைக்கு எல்லாச் சாமியும் வேணும் மாமா. ஒரு சாமியால ஆகாது."

அதற்குப் பிறகு தெருவே வந்தது. பை நிறைந்தது.*

* முதல் வரைவில் பன்னிரண்டு பேனா என்று எழுதினேன். அப்போஸ்தலர் கணக்காக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு நூற்றுக்கு மேல் ஆக்கிவிட்டேன்.

எல்லாம் காலிப் பேனாக்கள். பையைத் தூக்கிப் பார்த்த கிளாடிஸ் கேட்டாள்: "மை இல்லாத பேனாவை ஆசீர்வதிச்சா, கூட்டுக்குத்தான ஆசீர்? பரீட்சையில எழுதப்போறது கூடா, மையா?"

பிள்ளைகள் பேனாவைத் திரும்ப வாங்கித் தங்கள் கையாலேயே மை ஊற்றினார்கள். நிறைய ஊற்றினால் வழியில் சிந்திவிடும் என்று கவனமாகப் பாதி பாதி ஊற்றினார்கள். அந்தக் கவனம்தான் வினையாயிற்று.

செல்லத்தாய் கடைசியாக நின்றாள். "சிந்தாதுல்லா மாமா?"

ஹென்றி யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுக்காத மனிதர். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னார் என்று எனக்கும் விளங்கவில்லை.

"உன் மை உன் பேனாவுல இருக்கும்ளா. கொண்டுபோயி, அப்படியே கொண்டாருவேன்."

4

இந்த இடத்தில் ஹென்றி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. டீக்கடைக்குப் போனால் கடைக்காரர் தானாகத் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் நிற்கிற ஆள் இவர். கடைக்காரர் பார்க்கவில்லை என்றால் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிப்பார். இவர் எப்படி ஒரு விமானம் நிறையப் பேரைப் பேனா தூக்க வைப்பார்? ஆளை மாற்றிவிடலாமா, நன்றாகப் பேசக்கூடிய ஒரு —

இல்லை. வாக்குக் கொடுத்தது இவர். இவரே போகட்டும். துணைக்கு ஒருவரை அனுப்புகிறேன்.

சென்னையிலிருந்து பம்பாய் வரை ஒரு விமானம். பம்பாயில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது, ஹென்றி பைக்குள் கை விட்டார். கை நீலமாக வெளியே வந்தது. திடுக்கிட்டு முகத்தைத் துடைத்தார். முகமும் நீலமாயிற்று.

அப்போது எதிரே வந்து நின்றவர் அஹமது கபீர். காயல்பட்டணத்துக்காரர் (அங்கே அண்ணன் என்றால் காக்கா), துபாயில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அடுத்த விமானத்தில் துபாய் வரை ஹென்றிக்கு அவர்தான் துணை.

"தம்பி, கன்னத்துல என்ன? யாரும் அடிச்சுட்டானா?"

"பேனா, காக்கா."

"பேனாவா அடிச்சிச்சு?"

ஹென்றி பையைத் திறந்து காட்டினார். கபீர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாதி மை ஊத்தி, படுக்கப் போட்டு வேற கொண்டு வந்திருக்கிய! பிளேன் மேல ஏற ஏற, உள்ள இருக்க காத்து ஊதும் தம்பி. வெளிய வர வழி தேடும். பேனா படுத்துக் கிடந்தா மையையும் தள்ளிக்கிட்டு வரும். நிப்பு மேல பாத்து நின்னா, காத்து மட்டும் போயிரும். என் மாமனார் எடுத்துக் கொடுத்த சட்டையைப் பாழாக்கிட்டுப் படிச்ச பாடம் இது. இன்னைக்கும் அந்த வீட்டுல எனக்குப் பேரு மைக்கூடு."

இருவரும் பேனாக்களைத் துடைத்துப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேனாக்களில் கொஞ்சம்தான் போயிருந்தது. செல்லத்தாயின் பேனாவில் அடியில் ஒரு மடக்கு மை நின்றது. கீறலை அடைத்த மெழுகுதான் அதையாவது காப்பாற்றியிருந்தது.

"வெசனப்படாதீங்க. ரோமாபுரியில மை கெடைக்காதா? வாங்கி ஊத்திக்கிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே காக்கா" என்றார் ஹென்றி.

(இதைப் படித்த நண்பர், "இவ்வளவு நல்லவனை யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்சமாவது சபலப்படட்டும்" என்றார். சரி. ஹென்றி சபலப்பட்டார். ரோமாபுரி மைக்கடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். கடைக்காரர் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் அங்கேயும் நிற்க வேண்டும் என்று தோன்றியது. சபலம் போய்விட்டது.)

கபீர் பேனாக்களைப் பைக்குள் போட்டார். பிறகு, "அப்போ இருக்க மையைக் காப்பாத்துவோம். வாங்க" என்று பையைத் தானே தூக்கிக்கொண்டார்.

5

விமானம் நிறைய ஆட்கள். ரோமாபுரிக்குப் போகும் திருப்பயணிகள் சிலர். மற்றவர்கள் எல்லாம் துபாயில் வேலைக்குப் போகிறவர்கள். கபீர் நடுவில் நின்று தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம், இந்தி என்று அவர் நம்பிய ஒன்றில் ஒரு தரம் சொன்னார்.

"ஏழைப் பிள்ளைகளோட பரீட்சைப் பேனா. ஆளுக்கொண்ணு பிடிங்க. நிப்பு மேல பாத்து. பிளேன் மேல ஏறி முடியுற வரைக்கும். அவ்வளவுதான், ஒரு பைசா செலவில்ல!"

விளாத்திகுளத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் பின்வாங்கினார். "எனக்கு எழுதத் தெரியாதே அண்ணாச்சி."

"எழுத வேண்டாம்ப்பா. பிடிச்சாப் போதும்."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விமானப் பணிப்பெண் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் வைத்த தட்டோடு வந்தாள். தட்டிலிருந்து மிட்டாய் எடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தட்டை வைத்துவிட்டு, தானும் ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.*

* "எல்லாப் பேனாவையும் ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் போதாதா?" என்று அதே நண்பர் கேட்டார். போதும். ஆனால் அப்படிச் செய்தால் வைப்பாற்றில் இறங்கியவர் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். முகம் தெரியாதவரானாலும் அவரை நான் அப்படி விடமாட்டேன்.

விமானம் எழும்பியது. வரிசை வரிசையாகக் கைகள் நெஞ்சுக்கு நேரே பேனாவைப் பிடித்திருந்தன. கொத்தனார் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை இரவில் கோவில் விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்து நிற்பதுதான் ஹென்றிக்கு நினைவு வந்தது. ஆசீர் வாங்க இன்னும் எவ்வளவோ தூரம் போக வேண்டும் என்று தெரிந்தும், கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கையில் செல்லத்தாயின் பேனா இருந்ததால் தலையை மட்டும் குனிந்தார்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பஸ்ஸில் கிடைத்த வாக்கியம் இத்தோடு தீர்ந்துவிட்டது. இனிமேல் எனக்கும் வழி தெரியாது.

6

துபாயில் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கொத்தனார், "பிள்ளை பாஸாயிரும்னு சொல்லுங்க. நானும் பிடிச்சேன்னு சொல்லுங்க" என்றார். 

கபீர் பையை ஹென்றி கையில் கொடுத்தார். "இங்கயிருந்து இன்னொரு தடவை மேல ஏறணும் தம்பி."

"நீங்க இருக்கமாட்டியளே காக்கா."

"உங்களுக்கு வாய் இல்லையா? அல்லா கொடுத்ததுதான அது? சும்மா சாப்பிடுறதுக்கு மட்டுமா கொடுத்தான்?"

தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவரை இன்னும் கொஞ்ச தூரம் அனுப்பிவைக்கலாமா என்று பார்த்தேன். துபாயில் கடை வைத்திருக்கும் மனிதரை ரோமாபுரிக்கு இழுத்துப் போக எனக்கு என்ன உரிமை?

முடிவுகளை யோசித்தேன்.

ஒன்று: செல்லத்தாய் மாநிலத்திலேயே முதலாவதாக — வேண்டாம். மாடக்கண்ணுவே நம்பமாட்டார்.

இரண்டு: மை எல்லாம் சிந்திப்போய், ஹென்றி அவள் முன்னால் தலைகுனிந்து நிற்க, அவள், "பரவாயில்ல மாமா" என்று — இதற்குக் கிளாடிஸ் சம்மதிக்கமாட்டாள். "குலுக்கல்ல சீட்டு வாங்குனது நான், அழுறது அந்தப் பிள்ளையா?" என்பாள்.

மூன்று: அந்த ஒரு மடக்கு மை கணக்குப் பரீட்சைக்குச் சரியாகப் போதும், தேர்ச்சிக்கு என்ன வேண்டுமோ அந்த மார்க்கு, ஒன்று கூடவும் இல்லை. எனக்குப் பிடித்த முடிவு இதுதான். எழுதியும் வைத்தேன். ஆனால் பேனா இன்னும் துபாயில் இருக்கிறது. மை தங்குமா என்றே தெரியாமல் விடைத்தாளைத் திருத்த உட்காருவது நியாயமில்லை.

கிழித்துவிட்டேன்.

7

விமானத்தின் கதவைச் சாத்துகிறார்கள். பாதி இருக்கைகள் காலி. திருப்பயணிகளும், புதிதாக ஏறிய சில அரபுக்காரர்களும், ஒரு கைக்குழந்தைக்காரியும், இரண்டு வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஹென்றி பையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று காத்திருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. என்ஜின் உறுமத் தொடங்குகிறது.

எழுந்துவிட்டார். சத்தியமாக, நான் எழுப்பவில்லை.

வாயைத் திறந்ததும் வந்தது துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குரல். அது ஒன்றுதான் அவரிடம் சத்தமாக இருந்த குரல்.

"ப்ளீஸ்! பேனா! சில்ரன்! எக்ஸாம்! அப்!"

விமானமே திரும்பிப் பார்க்கிறது. பிறகு முன் வரிசையில் இருந்த அரபுப் பெரியவர், ஒன்றும் புரியாமலே, கையை நீட்டுகிறார். அவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் நீட்டுகிறார். அவர் நீட்டியதைப் பார்த்து அடுத்தவர். அதைப் பார்த்து வெள்ளைக்காரர். ஆள் குறைவு என்பதால் ஆளுக்கு இரண்டு, கைக்கு ஒன்று. குழந்தைக்காரி ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பேனாவுமாக இருக்கிறாள். பணிப்பெண்ணிடம் இரண்டு. ஹென்றியிடம் இரண்டு.

பை காலியாகவில்லை. அடியில் ஒன்று கிடக்கிறது. செல்லத்தாயின் பச்சைப் பேனா. இதைத்தான் தான் பிடிக்க வேண்டும் என்று கடைசிக்கு வைத்திருந்தார். அவசரத்தில் வேறு இரண்டைப் பிடித்துவிட்டார். சட்டைப் பையில் குத்திக்கொள்ளலாமே என்பீர்கள். கிளிப் இல்லாத பேனா சாய்ந்துவிடும்.

ஹென்றி சுற்றிலும் பார்க்கிறார். ஒரு கையும் சும்மா இல்லை. என் கையை நீட்டலாம் என்றால், அதிலும் ஒரு பேனா இருக்கிறது. நிப்பைக் கீழே வைத்தால்தான் இது எழுதும். இதை நான் நிமிர்த்தினால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சக்கரம் தரையை விடப்போகிறது. இவ்வளவு நேரமும் நம்மோடு உட்கார்ந்து வந்தவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். புத்தகத்தைப் பிடிக்க உங்களுக்கு ஒரு கை போதும்.

"இந்தாங்க, கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க" என்கிறார் ஹென்றி, உங்களைப் பார்த்து. "நிப்பு மேல பாத்து."