ஐந்தாவது பிள்ளை வரும்வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. சாப்பிடும்போது என் மனைவி புலம்பியதில் இருந்து சுட்டது. அவள் தேர்வுத் துறையில் ப்ரோக்ராமர். நடந்தபோது அழுதாள், சொன்னபோது சிரித்தாள், நான் எழுதும்போது முறைக்கிறாள்.

முதல் தொடக்கம்: "கணினித் திரையின் நீல ஒளியில் அவள் முகம் ஒரு..."

(வேண்டாம். காலை பத்து மணி, ஜன்னலில் நல்ல வெயில்.)

2

பத்து மணிக்குப் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வெளியாக வேண்டும். மார்க் கூட்டுவது பெரிய வேலை. அதனால் அவள் எழுதிய ப்ரோக்ராம் தன்னைப் போலவே ஐந்து குட்டி ப்ரோக்ராம்களை, அதாவது ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஆளுக்கொரு மார்க் பட்டியல் கட்டைக் கொடுத்துவிடும். ஐந்தும் கூட்டி முடிக்கும்வரை தாய் காத்திருந்து, பிறகு முடிவை வெளியிட வேண்டும். (அவர்கள் தொழிலிலேயே இதைத் தாய், பிள்ளை என்றுதான் சொல்கிறார்களாம். உவமை தேடும் சிரமம் எனக்கு மிச்சம்.)

'காத்திரு' என்று அவள் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தாள். அதற்கு, ஒரு பிள்ளை வரும்வரை காத்திரு என்று அர்த்தம். ஐந்து தடவை எழுதியிருக்க வேண்டும். சோதித்துப் பார்த்தபோது ஒரே கட்டு, ஒரே பிள்ளை, பிசகு தெரியவில்லை.

முதல் பிள்ளை ஓடி வந்ததுமே தாய் முடிவை வெளியிட்டுவிட்டாள். மற்ற நான்கு கட்டுகளில் இருந்த அத்தனை பேருக்கும் நேரே, மார்க் வந்து சேராததால், "தேர்வுக்கு வரவில்லை."

3

முதல் போன் அவள் தங்கையிடமிருந்து.

"அக்கா! இவ பரீட்சைக்கே போகலையாம்! நானே கொண்டுபோய் கேட்ல விட்டேனேக்கா, பின்பக்கமா ஓடிட்டாளா?"

(என் மைத்துனியை ரொம்ப மிகைப்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன். "குறைச்சலாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் மனைவி.)

தங்கை மகள் போனைப் பிடுங்கினாள். "பெரியம்மா, நான் எழுதினேன் இல்ல?"

பாவம், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எழுதினடி கண்ணு. நான்தான் காத்திருக்காம கிளம்பிட்டேன்."

4

முடிவுப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்தாள். திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். பத்து நிமிடத்தில் நாலு பிள்ளைகள் வந்துவிட்டன. ஐந்தாவதைக் காணோம். தங்கை மகளின் தேர்வு எண் அந்தக் கட்டுக்குள்தான்.

மேலதிகாரி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நாலு வந்தாச்சுல்ல மேடம்? போட்டுடலாமே?"

"நாலு பிள்ளைங்கள வண்டியில ஏத்திட்டு அஞ்சாவதை ரோட்டுல விட்டுட்டுப் போவீங்களா சார்?"

அவர் யோசித்தார். "எனக்கு ஒரே பையன் மேடம்."

ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் திரையைப் பார்த்தபடி, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி...

5

முடிவு ஒன்று: ஐந்தாவது பிள்ளை வரவேயில்லை. அவள் ராஜினாமா எழுதினாள். (பொய். இன்று காலைகூட வேலைக்குத்தான் போனாள்.)

முடிவு இரண்டு: பதினொன்று இருபதுக்கு வந்தது. இருப்பதிலேயே பெரிய கட்டு அதுதான். பாவம், அது ஒழுங்காகத்தான் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். இதுதான் நடந்தது.

தங்கை மகள் எவ்வளவு வாங்கினாள் என்றும் எழுதியிருந்தேன். நேற்று வந்தவள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள்.

"பெரியப்பா, மார்க்கை மட்டும் போட்டீங்க, அப்புறம் நான் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்."

மார்க்கை அழித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது: ____

நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாராளமாக.