சேராத மூடி

தேவாலயக் கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பழங்கண்ணாடிச் சந்தைக்கு ஆர்லீன் இந்த முறை தன் சர்க்கரைக் கிண்ணத்தையும் கொண்டுவந்திருந்தாள். வெளிர்பச்சைக் கண்ணாடி, உடம்பெங்கும் திராட்சைக் கொடி. மூடி மட்டும் இல்லை. அது அதே சந்தையில் மேசை போடும் வெண்டெலிடம் இருந்தது. ஒஹாயோ ஆற்றங்கரையில் அதை வார்த்த டன்லீவி கண்ணாடி ஆலை எரிந்துபோன பிறகு, அந்த வகைக் கிண்ணத்தை மூடியோடு யாரும் கண்டதில்லை. "கிண்ணத்தைக் குடுத்துடுங்க" என்று அவர் கேட்பதும், "மூடியை வச்சிட்டுப் போங்க" என்று இவள் மடக்குவதும் சந்தைக்கு வருகிறவர்கள் காத்திருந்து ரசிக்கும் கூத்தாகிவிட்டது. ஆனால் இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. பார்த்தால் மனம் இளகிவிடுமோ என்று இருவருக்கும் பயம். கணவர் போனபின் ஆர்லீனின் பேச்சில் உப்பும் உறைப்பும் மிஞ்சியிருந்தது அந்தச் சண்டையில்தான்.

கிண்ணத்தை அவர் மேசையில் வைத்தாள். "இந்தாங்க."

வெண்டெல் திடுக்கிட்டார். "என்ன அம்மணி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பொண்ணு அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போறா. அங்க போய் இதுக்காக நான் யார்கூடச் சண்டை போடுறது? நீங்களே வச்சுக்கோங்க."

அவர் கைக்குட்டையில் சுற்றியிருந்த மூடியை எடுத்து மெல்ல கிண்ணத்தின் மேல் வைத்தார். டக்கென்று ஒருபக்கம் சாய்ந்தது. திருப்பி வைத்தார். அப்போதும் அமரவில்லை, விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"இத்தனை வருஷமா எந்த மூடியைக் காட்டி என்னை வம்புக்கு இழுத்தீங்க?"

வெண்டெல் மூடியைக் கவிழ்த்து வெகுநேரம் பார்த்தார். "தீப்பிடிச்சப்புறம் அச்சு வெட்டுறவர் அக்கரைக்குப் போயிட்டார்ல, ஸ்டெர்ரட் ஆலைக்கு? அங்கயும் இதே கொடியை வெட்டியிருக்கார்போல. ஒரு சுத்து பெருசா. இது அந்த மூடி."

"அப்போ என் மூடி எங்க?"

"என் கிண்ணம் எங்கன்னு நான் யார்கிட்டக் கேக்குறது?"

ஆர்லீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைக்க அவர் கைக்குட்டையையே பிடுங்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் அவருடைய வண்டியில் பாலத்தைக் கடந்து போனார்கள். ஸ்டெர்ரட் ஆலை நின்ற இடத்தில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. ஆறு வரைக்கும் காட்டுப்புல்தான்.

"அரிசோனாவுக்கு எப்போ கிளம்புறீங்க?" என்றார் வெண்டெல், ஆற்றைப் பார்த்தபடி.

அவள் புல்லை விலக்கிக் குனிந்தாள். ஆலை கொட்டிய கழிவுக் கண்ணாடியில் ஒரு கட்டி, மண்ணோடு கையில் வந்தது. பாவாடையில் துடைத்து அவரிடம் நீட்டினாள். வெண்டெல் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கிண்ணத்தின் அதே வெளிர்பச்சை ஒளி அவர் முகத்திலிருந்து வழிந்து அவள் சட்டைக்கையில் விழுந்து நடுங்கியது.