கொரிடோரில் நின்ற பூட்ஸ்

கனடாவில் பேய் இல்லை. இது மாக்கஸின் நம்பிக்கை அல்ல, ஆராய்ச்சி முடிவு. செத்தவனுக்கு ஸ்பொன்சர் செய்ய ஆள் கிடைத்தாலும் அவன் மெடிக்கலில் பாஸாக மாட்டான். தப்பித்தவறிப் பாஸாகி வந்து இறங்கினாலும், மாசி மாதத்தில் வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நின்று பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போய்விடுவான். எங்கள் ஆட்களின் பெட்டிகளில் ஒடியல் மா வந்தது, ஊறுகாய் வந்தது, ஊர்ப் பகை முழுசாக வந்தது, பேய் மட்டும் வரவில்லை. கல்லூரிக் கன்ரீனில் இதை அவன் நீதவானின் முகத்தோடு சொல்வான். யாராவது சிரித்தால் கோபிப்பான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுப் பனிக்காலம், படிப்பின் ஒரு பகுதியாக நகரசபையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சபை எடுக்கிற தீர்மானம் ஏதாவது ஓர் இனத்தவரை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாதிக்குமா என்று பார்த்து எழுதுகிற பிரிவு அது. அவனுடைய முதல் கோப்பு, மாடிக் கட்டடங்களின் கொரிடோரில் இனி எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்ற விதி. நெருப்புப் பிடித்தால் ஓடுகிறவர்களின் காலை இடறுமாம்.

மேலாளர் அம்மையார் அவனை மேலும் கீழும் பார்த்து, “நீ டோர்செட் பார்க் பக்கம்தானே?” என்றார். குடியேறிகள் நிறைந்த பக்கம் அது. அவனைப் பார்த்ததிலேயே அவருக்குப் பாதி ஆய்வு முடிந்துவிட்டது. மீதிப் பாதியை மாக்கஸ் அன்று பின்னேரமே முடித்தான். முடிவுரையைத்தான் முதலில் எழுதினான்: ‘விதி எல்லாக் கதவுக்கும் ஒன்று. காலின் நிறத்தை அது பார்ப்பதில்லை.’ இரண்டு தடவை வாசித்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். குடியிருப்பாளர் ஒருவரோடாவது பேசியிருக்க வேண்டும் என்றொரு ஒழுங்கு இருந்தது. அதற்கும் தூரம் போகவில்லை. வீட்டுக்கு வந்து, தன் கட்டடத்திலேயே ஒரு மாடி மேலே ஏறினான்.

எல்லாக் கதவும் ஒரே மண்ணிறம். தமிழ் வாசல்களில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. சோமாலி வீட்டு வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துகள் பள்ளிக்கூட வரிசையில் நின்றன. தனியாக இருக்கும் யோகமலரின் வாசலில் ஒரே ஒரு சோடி, கறுப்புப் பனிக்கால பூட்ஸ், பெரிய கால் ஆண்பிள்ளைக்கு உரியது. அவள் குந்தியிருந்து, வினாகிரியில் நனைத்த துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆரும் வந்திருக்கினமோ அன்ரி?”

“இல்லைத் தம்பி. இது இவற்றை.”

இவர் என்றால் அவளுடைய புருஷன் நவரட்ணம். கனடா விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்தபோது பொலிஸ் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கட்டடம் முழுக்க அறிந்த கதை. அவளுக்கு முன்னால் யாரும் ‘இருந்தார்’ என்றும் சொல்வதில்லை, ‘வருவார்’ என்றும் சொல்வதில்லை.

“ஆள் வரமுதலே பூட்ஸ் வாங்கிட்டியளோ?”

“சேலிலை கிடந்தது, வாங்கினன். வாசல்லை ஆம்பிளைச் சப்பாத்து நிண்டா ஆரும் சும்மா வந்து தட்ட மாட்டினம் எண்டு வெளியிலை வச்சனான். முதல் ஸ்னோ கொட்டி அடுத்த நாள் விடியப் பாக்கிறன், ஈரம்.”

தூக்கிக் காட்டினாள். தோலில் வெள்ளைக் கோடு படிந்திருந்தது. வீதிக்குக் கொட்டுகிற உப்புக் காய்ந்தால் படிகிற கோடு. அடியும் தேய்ந்திருந்தது.

“எவனாவது எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போறானாக்கும், அன்ரி. எங்கடை ஆக்களை உங்களுக்குத் தெரியாதே?”

“எடுக்கிற எங்கடை ஆள் திருப்பிக் கொண்டந்து வைப்பானே?”

நியாயமான கேள்வி. மாக்கஸ் தன் ஆராய்ச்சிக்குத் திரும்பினான். “அன்ரி, பேய்க்குக் கால் இல்லை. கால் இல்லாத ஆளுக்கு பூட்ஸ் என்னத்துக்கு?”

யோகமலர் துணியைக் கீழே வைத்தாள். “அதைத்தான் நானும் சொல்லுறன். கால் இருக்கு. அப்ப ஆள் இருக்கு.”

அவனுடைய வாதத்தையே எடுத்து அவள் அவனை மடக்கிவிட்டாள். இது அவனுக்கு அடிக்கடி நடப்பதில்லை. அதனால் அவள்மேல் சின்னதாக ஒரு கோபம் வந்தது.

“நீர் நகரசபையிலை நிக்கிறீராம். உந்தச் சட்டத்திலை இந்த வாசலை மட்டும் விடச்சொல்லி எழுதுமன், தம்பி. இந்த வீட்டை அவர் கண்ணாலை கண்டதில்லை. எல்லாக் கதவும் ஒரே மாதிரி. இதைப் பாத்துத்தான் வாறார்.”

“நம்பர் இருக்குத்தானே அன்ரி?”

“நம்பர் எழுதின கடிதம் போய்ச் சேரமுதல் ஆளைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்.”

சொல்லிவிட்டு, அவள் பூட்ஸின் லேஸை ஒவ்வொரு துவாரமாகத் தளர்த்தினாள். உள்ளிருந்த நாக்கை முன்னுக்கு இழுத்துவிட்டாள், களைத்த கால் சுலபமாக நுழைகிற மாதிரி.

மறுநாள் கன்ரீனில் மாக்கஸ் இதை நடித்துக் காட்டினான். சிநேகிதன் ஒருவனின் பூட்ஸைக் கழற்றி வைத்து, அதற்கு முன்னால் முழங்காலில் நின்று, லேஸைத் தளர்த்தி, “வாங்கோ அண்ணை, களைச்சுப் போனியள், பஸ் பிந்திப்போச்சோ?” என்றான். மேசையே குலுங்கியது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் அவனுடைய கெட்டித்தனம். பிறகு அலுவலகம் போய், அறிக்கையில் விட்டிருந்த இடத்தை நிரப்பினான்: ‘ஆட்சேபனை உண்டு. இனம் சார்ந்தது அல்ல.’ நகரசபைக் குழு அவனுக்கு நன்றி சொல்லி, விதியை நிறைவேற்றியது.

கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பர் தியாகலிங்கம், பைப் ஒழுகினால் வராதவர், இதற்கு உடனே வந்தார். மாடி மாடியாகக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளி, நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கும் அறையில் குவித்தார். சொந்தக்காரர் வந்து எடுக்கலாம். இன்னொரு முறை வாசலில் கண்டால், வீட்டை விடச் சொல்லி நோட்டீஸ்.

“ஆ, அறிக்கைத் துரை! வாரும், வந்து உம்மடை சமத்துவத்தைப் பாரும்,” என்றார் மாக்கஸைக் கண்டதும்.

மாக்கஸ் பைகளைக் கிண்டினான். றப்பர்ச் செருப்பு, தோல் செருப்பு, கொலுசுச் சத்தம் போடுகிற குழந்தைச் சப்பாத்து. “வெள்ளைக்காரரின்ரை ஒண்டும் இல்லையோ அண்ணை?”

“அவை சப்பாத்தோடை உள்ளுக்கை போற சனம், ஐசே. கொரிடோர் அவைக்கு நடக்க மட்டும்.”

மாக்கஸ் பையின் வாயை மெதுவாகக் கட்டினான்.

அன்று பின்னேரம் யோகமலர் நிலக்கீழ் அறையிலிருந்து பூட்ஸை மீட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தாள்.

“வீட்டுக்குள்ளை வைச்சிருக்கலாமே அன்ரி?”

“ஆள் வராத வீட்டுக்குள்ளை ஆளின்ரை சப்பாத்தை எடுத்து வைச்சா, அவர் இனி வாறேல்லை எண்டு நானே சொன்னமாதிரி. என்னாலை ஏலாது. நீர்தானே எழுதினனீர், நீரே வைச்சிரும்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பகிடி விட்டிருக்கலாம். அவன் பூட்ஸின் லேஸை இறுக்கிக் கட்டி, அலுமாரியின் அடியில் தள்ளினான்.

அடுத்த பனி கொட்டியதும் தொடங்கியது. விடிய எழும்பிக் கதவைத் திறந்தவர்கள் கார்ப்பெட்டில் ஈரத்தைக் கண்டார்கள். ஈரம் காய, உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. வெறும் பாதம். விரல்களெல்லாம் பதிந்திருந்தன. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் வந்து, கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்று, அடுத்த கதவுக்குப் போயிருந்தது. தமிழ்க் கதவு, சோமாலிக் கதவு, மூலையில் இருந்த ஸ்கொட்லாந்துக் கிழவியின் கதவு எதையும் விடவில்லை. மாக்கஸின் அறிக்கையைக் கடைசி வரி வரைக்கும் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

சிலர் கைப்பிடி மெதுவாகத் திரும்பும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். தட்டுவதில்லை. பலம் போட்டுத் திருப்புவதும் இல்லை. கதவுகளில் தேசிக்காய் தொங்கியது, சிலுவை தொங்கியது. தியாகலிங்கம் கார்ப்பெட்டைக் கழுவிக் கழுவி அலுத்துப்போனார்.

மாக்கஸ் மேலாளரிடம் போனான். “அறிக்கையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும்.”

“பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு தந்தாரா?”

“தரக்கூடிய நிலையில் இல்லை.”

“எங்கே வசிக்கிறார்?”

“அதைத்தான் அவரும் தேடுகிறார்.”

அம்மையார் அனுதாபத்தோடு தலையாட்டினார். “வசந்தகாலத்தில் விதியை மீளாய்வு செய்வோம். அதுவரை பொறுத்திருக்கச் சொல்.”

அன்றும் பனி கொட்டியது. மார்கழிப் பின்னேரம், நேரத்தோடு இருட்டிவிட்டது. மாக்கஸின் தாய் அன்ரனெற் பக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை. அவன் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது கொரிடோரில் காலடி கேட்டது. ஈரக் காலடி, அவசரமில்லாதது. ஒரு கதவில் நின்றது, பிறகு நடந்தது. அடுத்த கதவில் நின்றது. பிறகு அவன் கதவில் நின்றது.

கைப்பிடி பாதி திரும்பியது. வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதில் பயமுறுத்தல் ஒன்றும் இல்லை. பிழையான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கூச்சப்படுகிற மனிதனின் செருமல். மாக்கஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவடிக்கு வந்தான்.

“இங்கை இல்லை அண்ணை,” என்றான் கதவோடு. தன் குரல் இவ்வளவு சின்னது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. “மேல் மாடி.”

கைப்பிடி அப்படியே நின்றது. பிறகு, பிடித்த கை நோகாமல் விடுகிற மாதிரி, மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. காலடி படிக்கட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் கதவுக்குப் போனது. அங்கே கைப்பிடி திரும்பியது. அதற்கு அடுத்ததற்குப் போனது.

காலடி கொரிடோரின் கோடிக்குப் போகும்வரை மாக்கஸ் அசையாமல் நின்றான். பிறகு அலுமாரியைத் திறந்து பூட்ஸை எடுத்து, நெஞ்சோடு அணைத்தபடி மற்றப் பக்கப் படிக்கட்டால் மேலே ஏறினான்.

மேல் மாடியில் எல்லா வாசலும் துப்புரவாக இருந்தன. யோகமலரின் கதவடியில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ரீவி இல்லை, பேச்சு இல்லை. அவன் தட்டவில்லை. பூட்ஸை வாசலில் சோடி சேர்த்து வைத்து, முழங்காலில் இருந்தான். தான் போட்ட முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் கிளறி அவிழ்த்து, லேஸை ஒவ்வொரு துவாரமாகத் தளர்த்தி, நாக்கை முன்னுக்கு இழுத்துவிட்டான்.

படிக்கட்டுப் பக்கம் ஈரக் காலடி ஒன்று கேட்டது. மாக்கஸ் திரும்பிப் பார்க்காமல் மற்ற பூட்ஸின் லேஸைத் தளர்த்தத் தொடங்கினான்.