ஓடை தாண்டும்வரை

"மெதுவாப் பேசுங்க மாமா, இங்க சத்தம் ஆகாது," என்று ருக்மா மறுபடியும் கெஞ்சினாள்.

கணவன் தர்பானின் முதுகில் மூங்கில் கூடை. கூடைக்குள், பின்பக்கம் பார்த்தபடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் அப்பா பக்தாவர் சிங். மேய்ச்சல் மேட்டிலிருந்து காங்கரியா ஊர் டாக்டரிடம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நடந்த ருக்மாவின் கண்ணெதிரே மாமனாரின் முகம் ஆடிக்கொண்டே வந்தது.

அவருடையது லேசுப்பட்ட குரலா? கனைத்தால் எதிர்மலைப் பனி சரியும். ஏழு ஊர் ஆடுகள் பட்டிக்குத் திரும்பிவிடும். அந்தக் குரலைப் பூப்பள்ளத்தாக்கில், மழைக்காலத்தில், பூக்கள் ஆளை மறைத்து நிற்கும்போது எடுக்கலாமா? உள்ளே ஆச்சரிகள் இருக்கிறார்கள். குரல் பிடித்துப்போனால் அந்த மலைக்கன்னிகள் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்; உடம்பு மட்டும்தான் வீடு திரும்பும். ஓடையைத் தாண்டிவிட்டால் பயமில்லை.

"வரட்டுமே. இத்தனை வருஷம் மேய்ச்சேன், ஒருத்தியும் எட்டிப் பாக்கல. இந்த மூஞ்சிக்கு எவ வருவா?"

"உங்களைச் சுமக்கிறவர் வாட்டசாட்டமா இருக்காரே மாமா."

அவர் சிரித்தார். பிறகு அடங்கிவிட்டார். வாழ்நாளிலேயே முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று தர்பான் கிசுகிசுத்தான்.

ஒரு மழைத்துளி அவர் கண்ணிலேயே விழுந்தது. இமை அசையவில்லை.

ருக்மா சால்வை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சொன்னால் தர்பான் அலறுவான். அவனுக்கும் அதே குரல். காற்றே இல்லை, ஆனாலும் பள்ளத்தாக்கின் அத்தனை பூக்களும் அவன் பக்கமே சாய்ந்திருப்பதுபோல் இருந்தது.

"சரி மாமா," என்று அந்த முகத்திடம் மெல்லச் சொன்னாள்.

"என்ன சொல்றார்?"

"பதறாம நடக்கச் சொல்றார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓடையின் மரப்பாலத்தில் அவன் கால் வழுக்கியபோது கூடையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

அக்கரையில் தர்பான் பாறைமேல் கூடையைச் சாய்த்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, தாண்டியாச்சு. இப்ப எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க."

காத்திருந்தான்.

ருக்மா அவன் முன்னால் மண்டியிட்டு, மார்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. அவள் அவசரப்படவில்லை.